மஞ்சள் ஃப்யூஸ் இரண்டு

செப்டம்பர் 8, திங்கள்

காலை 98.1. மதியம் 98.4. இரவு 98.2.

ஆதிரையின் உடம்புச் சூட்டை எழுதுவதற்காக வாங்கிய நோட்டு இது. ஒரு வாரம் எழுதினால் போதும் என்றார் டாக்டர். இது மூன்றாவது வாரம். மூன்று எண்களை எழுதிவிட்டு மூடினால் மிச்சப் பக்கம் சும்மா கிடக்கிறது. எனக்கும் தூக்கம் வருவதில்லை. அதனால் மற்றதையும் எழுதலாம் என்று இருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை, ஆதிரைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. இன்னும் இரண்டு வயது முடியவில்லை. அவளுடைய அப்பா குஜராத்தில் காற்றாலை வேலையில் இருக்கிறார், நவம்பர் கடைசியில்தான் வருவார். அவருடைய அம்மா, என் அத்தை, எங்களோடு இருக்கிறார். எங்கள் வீடு தோட்டத்துக்குள். உடுமலைக்குப் பதினோரு கிலோமீட்டர். கூப்பிட்ட வாடகைக் கார் வழி தெரியாமல் சுற்றி, வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் வலிப்பு தானாகவே நின்றுவிட்டது. ஐந்து வயது வரைக்கும் காய்ச்சல் ஏறும்போது மறுபடி வரலாம், சீக்கிரம் கொண்டுவந்துவிடுங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை என்பதை மூன்று முறை சொன்னார். ஒரு முறையோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருப்பேன்.

எங்கள் கார் அன்றைக்குக் கொட்டகையில்தான் நின்றது. என்னிடம் லைசென்சும் இருக்கிறது, கல்லூரி முடித்த வருடம் எட்டுப் போட்டு வாங்கியது. வண்டி கிளம்பவில்லை என்று இவரிடம் சொல்லியிருந்தேன். இன்றைக்குப் போனில் அதையே திரும்பவும் கேட்டார்.

“பிருந்தா, சாவியத் திருப்பறப்ப டிக் டிக்குன்னு சத்தம் வந்துச்சா, இல்ல ஒண்ணுமே வரலையா?”

“ஒண்ணுமே வரலைங்க.”

“அப்பப் பேட்டரியேதான். என்ற தப்பு. கிளம்பறக்கு முன்னாடி நான் பாத்து வச்சிருக்கோணும்.”

உங்கள் தப்பு எதுவுமில்லை என்றேன். நம்பவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு, நான் காரில் செய்ய வேண்டியவை என்று பதினாறு குறிப்புகள் அனுப்பியிருக்கிறார்.


செப்டம்பர் 11, வியாழன்

98.0. 98.3. 98.2.

குறிப்பு ஒன்று: பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்வது.

பானெட்டைத் திறக்கும் பிடியைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம். முதலில் பெட்ரோல் மூடி திறந்துகொண்டது. பேட்டரியின் இரண்டு முனைகளிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. இவர் சொன்னபடி முதலில் மைனஸைக் கழற்றினேன், அப்புறம் ப்ளஸ். ஆப்பசோடா கரைத்த வெந்நீர், பழைய பல் பிரஷ். ஊற்றியதும் புஸ்ஸென்று நுரைத்தது. ஆதிரை கை தட்டினாள்.

அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“புளி போட்டுத் தேய் அம்மிணி. குத்துவெளக்கு அப்படித்தான் பளிச்சுன்னு போகுது.”

“இதுவே அமிலம் அத்தை. புளியும் அமிலம். சேரக் கூடாது.”

“அதுஞ்செரி. ரெண்டுக்கும் ஒரே கொணமா இருந்தா ஒரு வூட்டுல சேந்திருக்க முடியாதுதான்” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

துடைத்து, முதலில் ப்ளஸ், கடைசியில் மைனஸ் என்று மாட்டி, ஆதிரைக்குத் தடவும் ஜெல்லியை இரண்டு முனைக்கும் ஒரு விரல் தடவினேன்.


செப்டம்பர் 14, ஞாயிறு

98.2. 98.2. 98.4.

சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பிவிட்டது.

முனைகளைத் தேய்த்ததுதான் காரணம் என்று இவருக்கு ஒரே சந்தோஷம். “இத்தன நாளா அந்தப் பூசணந்தான் தடுத்திருக்குது பாரு” என்றார். ஆமாம் என்றேன். பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடி கீரைக்குப் போய்விட்டார்.

குறிப்பு நான்கு: தினமும் பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட வேண்டும். நாலு பக்கமும் திறந்த கொட்டகை என்பதால் அங்கேயே ஓடவிடுகிறேன். இதில் எதிர்பாராத லாபம், ஆதிரை பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் பருப்புச் சாதத்தையும் சாப்பிட்டுவிடுகிறாள். வண்டி போய்க்கொண்டிருப்பதாக நினைப்பு. அத்தை ஒவ்வொரு வாய்க்கும், “இப்பப் பொள்ளாச்சி வந்துருச்சு, ஆ காட்டு” என்கிறார். இன்றைக்குப் பாலக்காடு வரைக்கும் போனோம்.

ரோட்டுக்கு எடுத்திருக்கலாம்தான். ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக இருக்கும்.


செப்டம்பர் 19, வெள்ளி

98.3. 98.1. 98.2.

இன்றைக்குப் பாலக்காடு தாண்டும்போது, முன் சீட்டுக்கு நழுவி வந்த ஆதிரை தன் கொலுசைக் கழற்றி, போனுக்குச் சார்ஜ் போடும் துளைக்குள் விட்டுவிட்டாள். பாட்டு சட்டென்று நின்றது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடிவிட்டேன்.

பன்னிரண்டு வோல்ட் குழந்தையை ஒன்றும் செய்யாது. எனக்குத் தெரியும். பி.எஸ்ஸி. இயற்பியல், முதல் வகுப்பு. தெரிந்துகொண்டே அரை மணி நேரம் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ கொலுசு போன பக்கமே பார்த்து அழுதாள்.

அப்புறம் சாவியை அணைத்து, கொலுசை எடுத்துவிட்டு, கையேட்டைப் பிரித்தேன். ஃப்யூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே, வலது முழங்கால் இடிக்கிற இடத்தில் இருக்கிறது. மூடியின் உள்பக்கம் குட்டிக் குட்டிப் படங்கள்: விளக்கு, ஹாரன், துடைப்பான், பாட்டு. அங்கேயே ஓர் ஓரத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் இடுக்கி. துளைக்கு உரிய நீல ஃப்யூஸைப் பிடித்து இழுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே வளைந்து போகும் கம்பி நடுவில் அறுந்து, பக்கத்தில் கருப்பாக ஒரு தீற்று.

கல்லூரியில் ஃப்யூஸ் கம்பி எந்தச் சூட்டில் உருகும் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். போன ஃப்யூஸைக் கையில் வைத்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இவ்வளவு சின்னதா என்று இருந்தது.


செப்டம்பர் 20, சனி

98.2. 98.4. 98.1.

பஸ்ஸில் உடுமலை போய் ஃப்யூஸ் வாங்கி வந்தேன். உதிரிபாகக் கடை ரபீக் பாய் போன ஃப்யூஸைத் திருப்பிப் பார்த்தார்.

“வண்டி எங்கீங்க நிக்குது?”

“வீட்டுல.”

“கார் ஃப்யூஸ் வாங்க பஸ்ஸுல வந்தீங்களா?”

“இங்க நிறுத்த இடம் கிடைக்காதேன்னு.”

அவர் கடைக்கு முன்னால் எட்டிப் பார்த்தார். ஒரு லாரியே நிறுத்தலாம். நல்ல மனிதர், ஃப்யூஸுக்கே திரும்பிவிட்டார்.

“பதினஞ்சு ஆம்ப்புக்குப் பதிலா இருவது போட்டுக்கங்க. அடிக்கடி போகாது.”

“அப்ப ஃப்யூஸ் போகாதுங்க, உள்ள இருக்கற வயர் எரிஞ்சு போயிரும்.”

“சார் சொல்லிக் குடுத்தாருங்களா?”

“இல்லங்க, ஓம்னு ஒருத்தர். விதியே எழுதி வச்சிருக்காரு.”

“எந்த ஊர்க்காரரு? நல்லா வேல தெரிஞ்சவரா இருக்காரே.”

பல நிறத்தில் பத்து ஃப்யூஸ் உள்ள பாக்கெட் ஒன்று வாங்கினேன். நீலம் மூன்று, சிவப்பு மூன்று, மஞ்சள் இரண்டு, பச்சை இரண்டு. நீலத்தை எடுத்து மாட்டினேன், பாட்டு வந்துவிட்டது. இடுக்கியையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பாக்கெட்டோடு சேர்த்து ரப்பர் போட்டு வைத்தேன், ஒன்றாக இருக்கட்டும் என்று.

“இதென்ன, மாத்தரையா?” என்றார் அத்தை.

“காருக்கு, அத்தை.”

“புள்ளைக்கு மருந்து வாங்கி அடுக்குன மாதிரி, இப்ப அதுக்குமா?”


செப்டம்பர் 23, செவ்வாய்

98.4. 98.9. 98.3.

மதியம் 98.9 காட்டியதும் மூன்று முறை வைத்துப் பார்த்தேன். “புள்ளைய விடு. அந்தக் குச்சிக்குத்தான் காச்சலான்னு பாரு” என்றார் அத்தை.


செப்டம்பர் 27, சனி

98.1. 98.2. 98.2.

ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. கண்ணாடி கழுவும் தண்ணீரை நிரப்பினேன். பிறகு, எழுதவே கொஞ்சம் பெருமையாக இருக்கிறது, வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்துத் தென்னை வரிசையோடு கேட் வரைக்கும் ஓட்டினேன். முதல் கியர்தான். பின்னால் அத்தையும் ஆதிரையும்.

கேட்டில் நிறுத்தினேன். எதிரே தார் ரோடு காலியாகக் கிடந்தது.

“தார் ரோடு அங்க இருக்குது அம்மிணி” என்றார் அத்தை.

“தெரியுங்க அத்தை. டயர்ல காத்து கம்மியா இருக்கற மாதிரி இருக்கு.”

திரும்பி வந்து கால் பம்ப்பில் இருக்கும் முள்ளை வைத்துப் பார்த்தேன். முப்பது, முப்பது, முப்பது, இருபத்தொன்பது. இருபத்தொன்பதை முப்பதாக்கினேன்.


அக்டோபர் 1, புதன், மதியம் மூன்று மணி

இதைக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். நோட்டு பூஜையில் இருக்கிறது.

ஆயுத பூஜை. அத்தை காலையிலிருந்து வீட்டில் எதையும் விடவில்லை. அரிவாள், மண்வெட்டி, மருந்தடிக்கும் இயந்திரம், இவருடைய ஸ்பேனர்கள், மிக்ஸி. ஃப்யூஸ் பாக்கெட்டையும் இடுக்கியையும் நான்தான் கொண்டுபோய் வைத்தேன், ஆசையாக. “நோட்டும் வையி, சரஸ்வதிக்கு” என்றார். வைத்தேன். கடைசியில் தெர்மாமீட்டரையும் என் கையிலிருந்து வாங்கிச் சந்தனம் வைத்துவிட்டார்.

“அத்தை, அது எப்படி ஆயுதம்?”

“ஒரு நாளைக்கு மூணு தடவ எடுக்கறே. என்ற அருவாளக்கூட நான் அத்தன தடவ எடுக்கறதில்ல.”

நாளைக் காலை மறுபூஜை முடியும் வரைக்கும் எதையும் தொடக் கூடாது. காருக்குக் கண்ணாடி நிறையச் சந்தனம், குங்குமம். இரண்டு துடைப்பான்களுக்கும் குறுக்கே செவ்வந்தி மாலையை அத்தையே இழுத்துக் கட்டினார், சணல் நூலில், நாலு முடிச்சு. கல்யாண வண்டி மாதிரி இருக்கிறது.

ஆதிரை தூங்குகிறாள். நெற்றி கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிறது. சுண்டல் நிறையத் தின்றாள், அதனால் இருக்கும். மேற்கே மழை இருட்டு.


அக்டோபர் 2, வியாழன்

காலை 99.6. மதியம் 99.1. இரவு 98.8.

நேற்று சாயங்காலம் நாலரை மணிக்கு ஆதிரை எழுந்தாள். கண் சிவந்து, உடம்பு தோசைக்கல்லாக இருந்தது. குச்சி பூஜையில் இருந்தாலும் என் கைக்கே தெரிந்தது. மருந்து கொடுத்தேன், ஈரத்துணியால் துடைத்தோம். அரை மணி கழித்தும் இறங்கவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாடகைக் காரைப் போனில் கூப்பிட்டால் இன்றைக்குப் பூஜை, யாரும் வர மாட்டார்கள் என்றார்கள்.

நான் ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று இப்போது யோசித்தால் ஞாபகமில்லை, எடுத்திருந்தேன். அத்தை குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பின் சீட்டில் ஏறினார்.

வண்டி முதல் திருப்பில் கிளம்பியது. கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். துடைப்பானைப் போட்டேன். இரண்டும் ஒரு சாண் எழுந்தன, செவ்வந்தி மாலை விறைத்தது, உள்ளே உம்மென்று ஒரு முனகல். நின்றுவிட்டது. அதற்கப்புறம் எதை அழுத்தினாலும் அசையவில்லை.

மோட்டார் திணறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சாவியை அணைத்து, போன் வெளிச்சத்தில் மூடியைத் திறந்து, துடைப்பான் படத்துக்கு நேரே இருந்ததைப் பார்த்தேன். மஞ்சள். இடுக்கி இல்லாததால் நகத்தால் பிடுங்கினேன். நடுவில் அறுந்து, கருப்புத் தீற்று.

“ஃப்யூஸ் போயிருச்சு அத்தை. வேற மஞ்சள் இருக்கு. ஆனா பூஜையில.”

அத்தை ஒரு நொடி மழையைப் பார்த்தார். பிறகு குழந்தையை என் மடியில் வைத்தார்.

“பூசையில வச்சதத் தொடக் கூடாதுன்னு இந்த வூட்டுல நாப்பது வருசமா நாந்தான் சொல்லீட்டு இருக்கறன். நானே எடுக்கறன். சாமி கேட்டா என்னையக் கேக்கட்டும்.”

பாக்கெட்டோடும் இடுக்கியோடும் நனைந்து வந்து, பின்னால் ஏறிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். ஒரு மஞ்சளை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். துடைப்பானின் விசையை நான் அணைக்கவே இல்லை. மாலையை அவிழ்க்கவும் இல்லை. மறுபடி உம்மென்று ஒரு முனகல், மறுபடி அமைதி. பி.எஸ்ஸி. முதல் வகுப்பு, இரண்டு நிமிஷத்தில் இரண்டு ஃப்யூஸ்.

பாக்கெட்டில் மஞ்சள் ஒன்றுதான் மிச்சம்.

அத்தை சீட்டுகளுக்கு நடுவில் தலையை நீட்டினார். திட்டவில்லை. “எதுனால போகுது, அதச் சொல்லு” என்றார்.

“மாலை. நூல் கம்பியில சுத்திக்கிச்சு.”

“அட, நாங் கட்டுனதா?” என்று குழந்தையைச் சீட்டில் படுக்கவைத்துவிட்டு மறுபடி இறங்கி ஓடினார். பூஜை அரிவாளோடு வந்தார், அதன் நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. ஒரே இழுப்பில் நூல் அறுந்தது. அடியில் சுற்றியிருந்த சிக்கை நான் நகத்தால் பிரித்தேன். பூ முழுக்கச் சேற்றில் விழுந்தது. அத்தை அதைப் பார்க்கக்கூட இல்லை, குழந்தையிடம் ஏறிக்கொண்டார்.

விசையை அணைத்தேன். இரண்டு தடவை பார்த்தேன். கடைசி மஞ்சளில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் துப்பட்டாவில் துடைத்து, அழுத்தி மாட்டினேன். சாவி. விசை. துடைப்பான் எழுந்து அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது. கண்ணாடி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் குழம்பாகிப் பரவின. கண்ணாடி கழுவும் தண்ணீரை அடித்தேன், நல்லவேளை நிரப்பி வைத்திருந்தேன்.

கேட்டைத் தாண்டியது தெரியவில்லை. தாண்டி ஒரு கிலோமீட்டர் போன பிறகுதான் தார் ரோட்டில் இருக்கிறேன் என்று உறைத்தது.

“வண்டி அழுகுது அம்மிணி. மூணாவது போடு” என்றது பின்னாலிருந்து குரல்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இருவது வருசமா என்ற மகன் பொறத்தால உக்காந்து வாரன். சத்தந் தெரியாதா?”

மூன்றாவது போட்டேன். அழுகை நின்றது. ஆதிரை பின்னாலிருந்து மெல்ல, “பாலக்காடு?” என்று கேட்டாள். “இல்ல தங்கம், இன்னைக்கு நெசமாலுமே உடுமலை” என்றார் அத்தை.

மருத்துவமனை வாசலில் காவலாளி குடையோடு ஓடி வந்தார்.

“என்னங்க, கண்ணாடியெல்லாம் ரத்தம்?”

“குங்குமம்ங்க.”

“பூசை பலமா நடந்திருக்குமாட்ட இருக்குது.”

102.6. தொண்டையில் கிருமி. துடைத்து, மருந்து கொடுத்து, ஒன்றரை மணி நேரம் பார்த்தார்கள். வலிப்பு வரவில்லை. 100.2க்கு இறங்கியதும் அனுப்பிவிட்டார்கள். திரும்பும்போது மழை விட்டிருந்தது, துடைப்பானை அணைக்க மறந்து வீடு வரைக்கும் ஓட்டிவந்தேன்.

இன்று காலை அத்தை எதுவும் நடக்காதது போல மறுபூஜை செய்தார். அரிவாள், பாக்கெட், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கற்பூரம் காட்டி முடித்து, நான் சாவியை ஆணியில் மாட்டப் போனபோது முதுகுக்குப் பின்னால் சொன்னார்:

“வலிப்பு வந்த அன்னிக்கு அது அங்கயேதான் தொங்குச்சு.”

சாவியை ஆணியில் மாட்டினேன்.

“புள்ளையத் தூக்கீட்டுக் கொட்டாய் வரைக்கும் ஓடுனே. கார்கிட்ட நின்னே. திரும்பி வந்துட்டே. சாவிய எடுக்கவே இல்ல. நாம் பாத்தன்.”

“ஏன் அத்தை அவர்கிட்டச் சொல்லலை?”

“என்னத்தச் சொல்றது? நானும் போனக் கையில வச்சுட்டு, யாரக் கூப்படறதுன்னு தெரியாம அடுப்படியிலயே நின்னன். நின்னவ ரெண்டு பேரு. அதுல ஒருத்தியப் பத்தி இன்னொருத்தி என்னன்னு சொல்றது?” ஒரு தட்டுச் சுண்டலை என் கையில் கொடுத்தார். “தின்னு. நேத்து மத்தியானத்துல இருந்து நீ ஒண்ணும் திங்கல.”


அக்டோபர் 5, ஞாயிறு

காலை 98.2. மதியம் 98.3.

மழையில் ஃப்யூஸ் போன கதையை இவரிடம் அன்றைக்கே சொல்லியிருந்தேன். காலையில் கூப்பிட்டார். புதுப் பேட்டரிக்குச் சொல்லிவிட்டாராம், நாளைக்கு வந்து மாட்டுவார்களாம்.

“பேட்டரி வேண்டாங்க.”

“ஏன்?”

“பழையது நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நான் சாவியவே எடுக்கலை. பயந்துட்டேன்.”

காற்றாலைச் சத்தத்திலிருந்து தள்ளிப் போய்க் கேட்டார்.

“அப்பறம் எதுக்கு ஆப்பசோடா போட்டு அந்தத் தேய் தேச்சே?”

“நீங்க சொன்னீங்க.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. பக்கத்தில் யாரோ இந்தியில் என்ன என்று கேட்டார்கள். சிரித்து முடித்தார். அப்புறம் மெதுவாக, “நானா இருந்தாலும் பயந்திருப்பன் பிருந்தா” என்றார். பிறகு உடனே, “மஞ்சள் தீந்துருச்சல்ல? வாங்கி வை” என்றார்.

சாயங்காலம் மூன்று பேரும் உடுமலை போனோம். ரபீக் பாய் மஞ்சள் நாலு எடுத்துக் கொடுத்து, வெளியே எட்டிப் பார்த்து, “எடங் கெடச்சுதுங்களா?” என்றார்.

“கெடச்சுதுங்க.”

அத்தை பூக்கடையில் இரண்டு முழம் வாங்கி, கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் பிள்ளையாருக்கு மட்டும் வைத்தார். திரும்பும்போது ஆதிரை எங்கள் கேட்டுக்குள் நுழையும்போதே தூங்கிவிட்டாள், அவள் விளையாட்டுக் கணக்கில் பொள்ளாச்சிகூட வரவில்லை. தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தேன்.

தெர்மாமீட்டர் காரிலேயே கிடக்கிறது. காலையில் எடுத்துக்கொள்ளலாம்.